காற்றுக்கு வந்த பணம் ஏன் சாலையைப் பெருக்கப் போகிறது?

புளியமரத்தடி · ஞாயிறு, காலை 7.10

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு ஊர்ச்சண்டையில் போய் முடியும். தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சி, அவ்வளவு போதும்.

எங்கள் வார்டு அலுவலக வளாகத்தில் ஒரு பெரிய சாலை பெருக்கும் இயந்திரம் நிற்கிறது. பக்கவாட்டில் "தேசியத் தூய காற்றுத் திட்டம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. வந்த அன்று மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, கவுன்சிலர் கொடி அசைத்தார். இரண்டு மாதம் ஓடியது. இப்போது முன் கண்ணாடி முழுக்க வேப்பம்பூ. ஒரு சக்கரத்தில் காற்றே இல்லை. காற்றுத் திட்டத்து வண்டிக்குக் காற்று இல்லை என்று டீக்கடையில் தினமும் ஒருவர் சொல்லிச் சிரிக்கிறார்.

இன்று காலை ஐந்தரை மணிக்கு நடக்கப் போனேன். அந்த வண்டியிலிருந்து ஐம்பது அடி தள்ளி, ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா சருகையும் பால் பாக்கெட்டையும் தெர்மாகோல் தட்டையும் ஒன்றாகக் கூட்டித் தீ வைத்துக்கொண்டிருந்தார். ஏன் கொளுத்துகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வண்டி எட்டு மணிக்குத்தான் வரும். மேஸ்திரி ஆறரைக்கே வந்துவிடுவார். அதற்குள் தெரு சுத்தமாகத் தெரிய வேண்டும். நீங்களே சொல்லுங்கள், இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?"

என்னிடம் பதில் இல்லை. அதனால் இங்கே கேட்கிறேன். ஓர் ஊருக்குக் காற்றைச் சரிசெய்யப் பத்துக் கோடி ரூபாய் உங்கள் கையில் கொடுத்தால் எதில் போடுவீர்கள்? "விழிப்புணர்வு" என்று எழுதுகிறவர்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

---

வடிதாள் · ஞாயிறு, காலை 9.42

மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வகம் ஒன்றில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன் நான். பத்துக் கோடிக்கு அப்புறம் வருகிறேன். அந்த இயந்திரம் ஏன் உங்கள் ஊருக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திட்டம் 2019 ஜனவரியில் வந்தது. சுமார் 130 நகரங்கள் அதில் இருக்கின்றன. 2017-18ஆம் ஆண்டு அளவிலிருந்து நுண்துகளை 2025-26க்குள் 40 விழுக்காடு வரை குறைக்க வேண்டும் என்பது இலக்கு. எந்த நுண்துகள் என்பதில்தான் சூட்சுமம். நகரங்களின் தேர்ச்சியை பி.எம். 10 என்ற அளவை வைத்துத்தான் பார்க்கிறார்கள். பத்து மைக்ரானுக்கு உட்பட்ட எல்லாத் துகளும் அதில் சேரும். எடையில் பெரும்பங்கு மண்ணும் சாலைத் தூசியும்தான். நுரையீரலின் அடி வரை போய் இரத்தத்தில் கலக்கிற பி.எம். 2.5 பெரும்பாலும் எரிவதிலிருந்து வருகிறது: டீசல், நிலக்கரி, விறகு, குப்பை.

பழைய முறையில் நாங்கள் கண்ணாடி நார் வடிதாளை ஒரு நாள் முழுக்க ஈரம் உறிஞ்சும் கூண்டில் வைத்து, எடை போட்டு, மாடியில் இருக்கும் மாதிரி எடுக்கும் கருவியில் பொருத்துவோம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள், வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள். இறக்கி மறுபடியும் எடை போடுவோம். தாளைக் கையில் எடுத்ததுமே கதை தெரிந்துவிடும். பக்கத்தில் சாலை தோண்டியிருந்தால் தாள் செம்மண் நிறத்தில் இருக்கும், எடையும் நன்றாக ஏறியிருக்கும். போகிப் பண்டிகை அன்று எடுத்த தாள் அடுப்புக்கரி போல் இருக்கும், விரலில் ஒட்டும். சில நாட்களில் கறுத்த தாள் செந்தாளைவிட எடை குறைவாகவே இருக்கும். பதிவேட்டில் எழுதுவது எடையைத்தான். நிறத்துக்கு அதில் பத்தி கிடையாது.

மரக்காலால் அளக்கிற இடத்துக்கு யாரும் குன்றிமணி கொண்டுபோவதில்லை. அளவு பி.எம். 10 என்றால் பணம் தூசிக்குத்தான் போகும். தில்லியில் இருக்கும் ஆய்வு அமைப்பான அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டது. செலவான தொகையில் சாலைத் தூசிக்கு 64 விழுக்காடு. சருகு, குப்பை, விறகு எரிப்பைத் தடுக்க 14.51. வாகனப் புகைக்கு 12.63. தொழிற்சாலைக்கு 0.61. கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள். தட்டச்சுப் பிழை இல்லை.

---

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, காலை 11.05

வடிதாள் ஐயா சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறது. நான் ஓர் உள்ளாட்சி அமைப்பில் வேலை செய்கிறேன், எது என்று கேட்காதீர்கள்.

பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களின் காற்றுக்காக 12,139 கோடி ரூபாய் ஒதுக்கியது. மற்ற நகரங்களுக்கு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நேரடியாகத் தருகிறது. காகிதத்தில் நல்ல பணம். கைக்கு எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள். நிதியாண்டின் கடைசியில் வரும். உடனே "பயன்பாட்டுச் சான்றிதழ் எங்கே?" என்று கடிதம் வரும். சான்றிதழ் கொடுக்காவிட்டால் அடுத்த தவணை நிற்கும்.

இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். இயந்திரம் வாங்கினால் ஒரு டெண்டர், ஒரு பில், ஒரு புகைப்படம், ஒரு சான்றிதழ். வேலை முடிந்தது. அந்தப் பணியாளர் அம்மா கொளுத்தாமல் இருக்க வேண்டுமென்றால்? குப்பை வண்டியின் நேரத்தை எட்டிலிருந்து ஆறுக்கு மாற்ற வேண்டும், ஓட்டுநருக்கு இன்னொரு ஷிப்ட் வேண்டும், சருகைக் கொட்ட உரமாக்கும் இடம் வேண்டும், அதைக் கிளறிவிட ஆள் வேண்டும். இதில் ஒன்றுகூட ஒரே பில்லில் அடங்காது. மாதாமாதம் தொடரும் செலவு. தணிக்கையில் "இது காற்றுக்கான செலவா, குப்பைக்கான செலவா?" என்று ஒரு கேள்வி எழுந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் வார்டு வண்டி ஏன் நிற்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. வண்டி வாங்கத் திட்டத்தில் பணம் உண்டு. டீசல், ஓட்டுநர், தூரிகை மாற்றுவது எல்லாம் உள்ளாட்சியின் பொது நிதியிலிருந்து. அந்த நிதியில்தான் தெருவிளக்கு மின்கட்டணமும் ஓய்வூதியமும். யானையைத் தானமாக வாங்கியவன் கதிதான்.

---

எண்ணூர்க் கழிமுகம் · ஞாயிறு, பிற்பகல் 2.30

தூசியைக் கேலி செய்கிறவர்கள் ஒரு நாள் எண்ணூர் விரைவுச் சாலையில் இருசக்கர வண்டியில் வந்து பார்க்க வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். இந்தப் பக்கம் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளி, அனல்மின் நிலையங்கள். லாரிச் சக்கரம் அரைத்த சாலையோரத்து மண்ணில் நிலக்கரிப் பொடியும் சாம்பலும் கலந்திருக்கும். என் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தூசி ஆபத்தில்லை, புகைதான் ஆபத்து என்று எங்களிடம் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

எங்கள் பகுதிக்கு 64 விழுக்காடும் தூசிக்கே போனாலும் நான் கையெழுத்துப் போடுவேன்.

---

வடிதாள் · ஞாயிறு, பிற்பகல் 3.15

எண்ணூர் நண்பரே, உங்களிடம் வாதாட மாட்டேன். உங்கள் தெருத் தூசி வெறும் மண் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்வி. பெருக்கிய பிறகு அந்தத் தூசி எத்தனை மணி நேரத்தில் திரும்பி வருகிறது?

---

எண்ணூர்க் கழிமுகம் · ஞாயிறு, பிற்பகல் 3.22

மணி நேரமா? அடுத்த லாரி வரும் வரை.

---

வடிதாள் · ஞாயிறு, பிற்பகல் 3.40

நான் சொல்ல வந்ததும் அதுவே. தார் விளிம்புக்கும் கால்வாய்ச் சுவருக்கும் நடுவே திறந்து கிடக்கும் மண் ஓரம்தான் ஊற்று. ஊற்றை விட்டுவிட்டுத் தண்ணீரை மொண்டுகொண்டிருக்கிறோம். ஓரத்தைக் கல் பதித்து மூடினால், அல்லது புல் வளர்த்தால், அந்தச் செலவு ஒரு முறையோடு முடியும். குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிய பள்ளத்தைப் பழையபடி மூடாத ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையைப் பிடித்தால் செலவே இல்லை. உறிஞ்சும் விசை தேய்ந்த பெருக்கும் இயந்திரம் இருக்கிறதே, அது கீழே கிடந்த தூசியை நம் மூக்கு உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் போய்விடும். பின்னால் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

---

யமுனைக்கரைத் தமிழ் · ஞாயிறு, இரவு 8.55

தில்லியிலிருந்து வணக்கம். பணத்தைக் காற்றில் விடுவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் எங்களிடம் வாருங்கள், இதில் நாங்கள் மூத்தவர்கள்.

2021 ஆகஸ்டில் கன்னாட் பிளேஸ் பக்கம் 24 மீட்டர் உயரத்தில், புகைமூட்டத்தை உறிஞ்சி வடிகட்டும் கோபுரம் ஒன்று திறந்தார்கள். இருபது கோடி ரூபாய்க்கு மேல் செலவு. நாற்பது ராட்சத விசிறிகள். சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக் காற்றைத் தூய்மையாக்கும் என்றார்கள். கோபுரத்துக்கு நெருக்கமாக நின்றால் கொஞ்சம் பயன் உண்டு, தள்ளிப் போகப் போக ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. நடுவில் நிறுத்தினார்கள், மறுபடி ஓட்டினார்கள். மேலே கூரை இல்லாத வீட்டில் ஏசி போட்ட கதை. 2025 அக்டோபரில் செயற்கை மழை வரவழைக்க விமானத்தில் போய் மேகத்தில் உப்பு தூவினார்கள். மேகத்தில் ஈரமே போதவில்லை, சொல்லிக்கொள்ளும்படி மழை வரவில்லை.

கணக்குப்பிள்ளை சொன்ன யானை எங்கள் பக்கத்து வயல்களிலும் நிற்கிறது. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் நெல் அரிதாளைக் கொளுத்தாமல் அதன் மேலேயே கோதுமை விதைக்கும் இயந்திரத்துக்கு 2018 முதல் மத்திய அரசு மானியம் தருகிறது. தனி விவசாயிக்குப் பாதி விலை, குழுவாக வாங்கினால் 80 விழுக்காடு வரை. ஆனால் நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இருப்பது இரண்டு மூன்று வாரம். அந்த இயந்திரத்தை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும், டீசல் வேண்டும், முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். தீக்குச்சிக்கு முறை கிடையாது. இயந்திரம் வாங்கியதற்குக் கணக்கு இருக்கிறது. கொளுத்தாமல் விட்ட ஏக்கருக்குப் பணம் கொடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் கட்சி.

---

விறகடுப்பு · திங்கள், காலை 6.20

எல்லோரும் சாலையையே பேசுகிறீர்கள். வீட்டுக்குள் வாருங்கள்.

நான் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரின் மகள். அம்மாவோடு வீடு வீடாகப் போயிருக்கிறேன். தமிழ்நாட்டில் 2006க்குப் பின் இலவச எரிவாயு அடுப்பு வந்தது. 2016இல் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இணைப்பு இல்லாத வீட்டை இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் கொல்லையில் மூன்று கல் அடுப்பும் இருக்கும். சிலிண்டரில் டீயும் குழம்பும். வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, விசேஷச் சமையல் எல்லாம் விறகில். ஏனென்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "சிலிண்டர் இரண்டு மாதம் வர வேண்டும்." உஜ்வலா இணைப்புக்குச் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் என்று 2022இல்தான் வந்தது. 2023இல் 300 ஆனது. அடுப்பைக் கொடுத்து ஆறு ஆண்டு கழித்துத்தான் அதை எரிக்கத் தனி மானியம் வேண்டும் என்பது நினைவுக்கு வந்திருக்கிறது.

இந்தியா முழுவதற்கும் எடுத்துக்கொண்டால் பி.எம். 2.5க்கு மிகப் பெரிய ஊற்றுகளில் ஒன்று வீட்டு அடுப்பு. அந்தப் புகை கூரை வழியாக வெளியே போய் ஊர்க் காற்றில்தான் கலக்கிறது. நகர எல்லைப் பலகையைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. இந்தத் திட்டம் சுமார் 130 நகரங்களோடு நின்றுவிடுகிறது. என் பத்துக் கோடியை நகரத்தைச் சுற்றியிருக்கும் ஊராட்சிகளின் சிலிண்டருக்குப் போடுவேன்.

---

வார்ப்படப் பட்டறை · திங்கள், காலை 10.48

கொங்குப் பகுதியில் சின்ன வார்ப்படச் சாலை வைத்திருக்கிறேன். தொழிற்சாலைக்கு 0.61 விழுக்காடு என்பதை வடிதாள் சார் அநியாயம் போலச் சொன்னார். எனக்கு அது சரி என்றே படுகிறது. என் புகைபோக்கிக்கு வடிகட்டி போட அரசு ஏன் பணம் தர வேண்டும்? என் லாபத்தில் நான் போட வேண்டும். அரசின் பணம் போக வேண்டிய இடம், நான் போட்டேனா, போட்டதை ஓட்டுகிறேனா என்று பார்க்கும் ஆளுக்கு. அந்த ஆள்தான் இல்லை. நாடு முழுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் பாதிக்குப் பக்கம் காலி என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லியாகிவிட்டது.

உள்ளே இருப்பவன் என்ற முறையில் ஓர் உண்மை. இரவில் வடிகட்டியின் மின்விசிறியை நிறுத்தினால் மின்கட்டணம் மிச்சம். பக்கத்துப் பட்டறைக்காரர் நிறுத்துகிறார், நான் நிறுத்தவில்லை என்றால் நான் ஏமாளி. மாசுச் சோதனை செய்ய வருகிறவருக்குச் சம்பளம் நான் கொடுக்கிறேன். எனக்குப் பிடிக்காத எண்ணை எழுதினால் அடுத்த ஆண்டு வேறு ஆளைக் கூப்பிடுவேன். இது அவருக்கும் தெரியும்.

குஜராத்தில் எஸ்தர் டஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். தணிக்கையாளரை ஆலை தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல் முறையில் அனுப்ப வேண்டும், சம்பளம் பொது நிதியிலிருந்து வர வேண்டும், அவர் எழுதியதை இன்னொருவர் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். செய்தது இவ்வளவுதான். அறிக்கையில் உண்மை வந்தது, புகையும் குறைந்தது. பிறகு 2019இல் சூரத்தில் நுண்துகளுக்கே ஒரு சந்தை தொடங்கினார்கள். மொத்த உமிழ்வுக்கு ஓர் உச்சவரம்பு, அதற்குள் ஆலைகள் அனுமதியை வாங்கலாம், விற்கலாம். அதில் சேர்ந்த ஆலைகளின் உமிழ்வு 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்தது. எங்கள் வயிறு எரிகிற சங்கதி ஒன்று: 2011இல் இந்தச் சோதனைக்கு முதலில் அறிவித்த மூன்று மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அறிவிப்போடு சரி.

---

கணக்குப்பிள்ளை · திங்கள், காலை 11.30

பட்டறைக்காரர் தன் குட்டைத் தானே உடைத்ததற்கு ஒரு சபாஷ். ஆனால் ஆய்வாளர் நியமனம் என்பது நிரந்தரச் சம்பளம், பஞ்சப்படி, ஓய்வூதியம். ஐந்தாண்டுத் திட்டப் பணத்தை நம்பி எந்த நிதித்துறையும் அதற்குக் கையெழுத்திடாது. இயந்திரத்துக்கு ஓய்வூதியம் கிடையாது.

---

செம்பருத்தி · திங்கள், பிற்பகல் 1.05

இவ்வளவு புலம்பல் எதற்கு? பீஜிங் செய்து காட்டவில்லையா? பணத்தைக் கொட்டினால் காற்று சுத்தமாகும். நாம் கொட்டவில்லை, அவ்வளவுதான்.

---

யமுனைக்கரைத் தமிழ் · திங்கள், பிற்பகல் 1.50

செம்பருத்தி, பீஜிங் எடுத்துக்காட்டு நல்லதுதான். முழுக்கப் பாருங்கள். 2013இல் அங்கே பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம். 2017இல் 58. நம் நாட்டின் வரம்பு 40, உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 5. காற்றுக்கான நிதி அந்த நான்கு ஆண்டில் பல மடங்கானது உண்மை. ஆனால் பணம் எங்கே போனது? நிலக்கரிக் கொதிகலன்களை மூடவும் மாற்றவும், வீட்டு அடுப்பில் கரிக்குப் பதில் எரிவாயுவும் மின்சாரமும் கொடுக்கவும், பழைய வாகனங்களை ஒழிக்கவும். எரிகிற இடத்துக்குப் போனது. பீஜிங் மட்டும் தனியாகவும் செய்யவில்லை, சுற்றியிருந்த மாகாணங்களுக்கும் இலக்கு வைத்தார்கள்.

கறுப்புப் பக்கமும் உண்டு. 2017 குளிர்காலத்தில் ஹெபெய் மாகாணத்தில் கரி அடுப்பைப் பிடுங்கிவிட்டார்கள், எரிவாயுக் குழாய் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறைக் குளிர் தாங்காமல் மைதானத்து வெயிலில் உட்கார்ந்து படித்தார்கள். இலக்கை எட்டியே ஆக வேண்டும் என்று மேலிடம் உருட்டினால் கீழே இப்படித்தான் உருளும்.

---

செம்பருத்தி · திங்கள், பிற்பகல் 2.02

சரி. கொட்டுவது மட்டும் போதாது. பின்வாங்குகிறேன், ஆனால் கொட்டவும் வேண்டும்.

---

எண்ணூர்க் கழிமுகம் · திங்கள், மாலை 6.40

கொட்டவேண்டிய இடத்தில் கொட்டாமல் விட்ட கதையையும் சொல்ல வேண்டும். அனல்மின் நிலையங்கள் கந்தக டை ஆக்சைடைக் குறைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. இரண்டு ஆண்டுக் கெடு. பிறகு நீட்டிப்பு, நீட்டிப்பின் மேல் நீட்டிப்பு. 2025 ஜூலையில் முக்கால்வாசிக்கு மேற்பட்ட அலகுகளுக்கு அதைக் குறைக்கும் கருவியே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தாகிவிட்டது. பெரிய நகரங்களுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 டிசம்பர் வரை தவணை. அந்த வாயுதான் காற்றில் போய் நுண்துகளாக மாறுகிறது. அதை எந்தத் துடைப்பத்தாலும் பெருக்க முடியாது. நேற்று 64 விழுக்காட்டுக்குக் கையெழுத்துப் போடுவேன் என்றேன். போடுவேன், ஆனால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசிப்பேன்.

---

வடிதாள் · செவ்வாய், காலை 8.15

பத்துக் கோடிக் கணக்கைப் போட்டுவிடுகிறேன். கடன் வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை.

முதலில், புதிய கண்காணிப்பு நிலையம் வாங்க மாட்டேன். முழுமையான தானியங்கி நிலையம் ஒன்று ஒரு கோடியைத் தாண்டும். இருக்கிற நிலையத்தின் பராமரிப்புக்குத்தான் கொடுப்பேன். நான் வேலையில் இருந்தபோது ஒரு கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் அளவுத்திருத்த வாயு உருளை காலாவதியாகிப் பதினோரு மாதம் அப்படியே ஓடியது. வாங்கும் கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பதினோரு மாதமும் திரையில் எண் வந்துகொண்டுதான் இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதோடு, வார்டுக்கு ஒன்றாக மலிவு உணரிகள் வைப்பேன். கடலோர ஊரில் விடியற்காலை ஈரத்தில் அவை கூட்டிக் காட்டும், அதனால் மாதம் ஒரு முறை பெரிய கருவியின் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு ஆளும் வேண்டும். மொத்தத்தில் ஒரு கோடிக்கு மேல் இதற்குப் போகாது. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் புகை என்பது தெரிந்துவிடும்.

பெரும்பங்கு, ஐந்து கோடி என்று வையுங்கள், குப்பைக்கு. இயந்திரம் அல்ல. காலை ஆறு மணி வண்டி, சருகுக்குத் தனி வண்டி, வார்டுக்கு ஒரு உரக்கிடங்கு, மூன்று ஆண்டு கூலி. குப்பை கொளுத்தினால் 5,000 ரூபாய், பெருமளவில் கொளுத்தினால் 25,000 ரூபாய் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016இலேயே சொல்லியிருக்கிறது. கொட்ட இடம் கொடுத்த பிறகுதான் அந்த அபராதத்தைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

இரண்டு கோடிக்கு மண் ஓரங்களை மூடுவேன், எண்ணூர் நண்பர் முகத்துக்காக இல்லை, அது நியாயம். மீதி இரண்டில் பட்டறைக்காரர் சொன்ன குலுக்கல் தணிக்கைக்கு ஒன்று, சுற்று ஊராட்சிச் சிலிண்டருக்கு ஒன்று. விறகடுப்பு அம்மா, ஒரு கோடி போதாது என்று திட்டுவீர்கள். போதாதுதான். மாநில அரசு போட வேண்டிய பணம் அது.

---

விறகடுப்பு · செவ்வாய், காலை 8.31

திட்டவில்லை ஐயா. ஐந்து கோடியில் அரைக் கோடி வெட்டிக் கொடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை · செவ்வாய், காலை 9.10

வடிதாள் ஐயாவின் பட்டியலை அப்படியே கோப்பாக்கினால் என் மேலதிகாரி முதலில் வட்டமிடுவது "மூன்று ஆண்டு கூலி" என்ற இடத்தை. வழி இல்லாமல் இல்லை. கூலி என்று எழுதாமல் "சருகு சேகரிப்புச் சேவை, மூன்று ஆண்டு ஒப்பந்தம், டன் கணக்கில் கட்டணம்" என்று எழுத வேண்டும். சேவை டெண்டருக்கு பில் வரும். பில் வந்தால் சான்றிதழ் வரும். எடை மேடையில் ஏறாத சருகுக்குப் பணம் இல்லை என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் கல்லையும் மண்ணையும் ஏற்றி, தண்ணீர் தெளித்து எடை காட்டுவார்கள், அதனால் கலப்பும் ஈரமும் பார்க்கவும் ஒரு பத்தி. புளியமரத்தடி, வேண்டுமானால் வரைவு எழுதித் தருகிறேன். என் பெயர் இல்லாமல்.

---

புளியமரத்தடி · வியாழன், இரவு 9.20

வரைவுக்கு நன்றி அண்ணா, தனிச்செய்தியில் கிடைத்தது. இன்று எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுத்தேன். பதினான்கு பேர் வந்திருந்தார்கள், ஒன்பது பேர் குடிநீர் பற்றிப் பேச வந்தவர்கள். என் முறை வந்தபோது கவுன்சிலர், "சருகா?" என்று சிரித்தார். அந்தப் பணியாளர் அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவர் எழுந்து, "ஐயா, ஆறு மணிக்கு ஒரு வண்டி வரட்டும், நான் தீப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்" என்றார். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

ஆறு மணி வண்டி ஒன்றை ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த இயந்திரம்? அடுத்த வாரம் சக்கரம் மாற்றுவார்களாம். எரிப்பு எந்தெந்த இடத்தில் நடக்கிறது என்று தேதியோடு புகைப்படம் கேட்டிருக்கிறார்கள். பணியாளர்கள் முகம் படத்தில் வரக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். நாளை விடியற்காலை போகிறேன்.

---

வடிதாள் · வியாழன், இரவு 9.47

வானத்தைப் பின்னணியாக வைத்து எடுக்காதீர்கள் தம்பி, விடியற்காலையில் புகை தெரியாது. பின்னால் கறுத்த சுவரோ மரமோ வருகிற மாதிரி நில்லுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டு நில்லுங்கள்.

---

விறகடுப்பு · வியாழன், இரவு 9.52

அந்த அம்மாவுக்கு ஒரு முகக்கவசமும் வாங்கிக்கொண்டு போங்கள்.